சரஸ்வதி: பெயர் வரலாறு

ரிக் வேதத்தில் சரஸ்வதி முதலில் ஓர் ஆறு. 'சரஸ்' என்றால் நீர்நிலை. நீர்வளம் உடையவள் என்பது பெயரின் பொருள். ஈரானிய மொழிகளில் சகரம் ஹகரமாகத் திரியும். சிந்து ஹிந்து ஆனது அப்படித்தான். அவ்வழியே இப்பெயர் அவெஸ்தாவில் 'ஹரஹ்வைத்தி' ஆகி, இன்றைய தெற்கு ஆப்கானிஸ்தானின் நிலப்பகுதியைக் குறித்தது. முதலாம் தாரியஸின் பெஹிஸ்துன் கல்வெட்டில் அது பாரசீகப் பேரரசின் ஒரு மாகாணம். கிரேக்கர் அதை அரகோசியா என்றனர்.

இந்தியாவில் ஆறு வாக்கின் தெய்வமாயிற்று. ஆண்டு பொறித்த சரஸ்வதி சிலைகளுள் மிகப் பழையது மதுராவின் கங்காலி டீலாவில் கிடைத்த சமணச் சிற்பம், காலம் கி.பி. 132. தலை உடைந்துபோயிருக்கிறது, இடக்கையிலுள்ள ஏட்டுக்கட்டு தெளிவாகத் தெரிகிறது. அதை நிறுவியவன் கோவா என்னும் உலோகத் தொழிலாளி என்று பீடத்தில் எழுதியிருக்கிறது. கல்வித் தெய்வத்துக்குக் கைவினைஞன் ஒருவன் சிலை வைத்தான் என்பது மறக்கக்கூடாத செய்தி.

தமிழ் வடசொல்லை ஏற்றதோடு நில்லாமல் சொந்தப் பெயர்களும் சூட்டியது: நாமகள், கலைமகள். சீவக சிந்தாமணியின் முதல் பகுதியே நாமகள் இலம்பகம்.

சீனரும் ஒலியை விட்டு அவளுடைய தன்மையையே பெயராக்கினர். யிஜிங் என்ற துறவி 703இல் பொன்னொளிச் சூத்திரம் என்ற பௌத்த நூலை மொழிபெயர்த்தபோது அவளைச் சொல்வன்மைத் தெய்வம் என்றே குறித்தார், சீனத்தில் 'பியான்சாய்டியான்'. திபெத்தில் அவள் 'யாங்சென்மா', இன்னிசை உடையவள். பர்மிய மொழி மட்டும் ஒலியைப் பற்றிக்கொண்டு 'துயதடி' என்றது. அங்கே அவள் அன்னத்தின் மேல் அமர்ந்து பௌத்தத் திருமறையை ஏந்துகிறாள்.

பெரிய திருப்பம் ஜப்பானில் நேர்ந்தது. சீன எழுத்துகளை ஜப்பானியர் 'பென்ஸைட்டென்' என்று வாசித்தனர். அதன் நடுவிலுள்ள 'ஸை'க்குத் திறமை என்று பொருள். அதே ஒலியுடைய இன்னோர் எழுத்துக்குச் செல்வம் என்று பொருள். பிற்காலத்தில் இந்த இரண்டாம் எழுத்தாலும் பெயரை எழுதத் தொடங்கவே, கலைமகளிடம் திருமகளின் பொறுப்பும் வந்து சேர்ந்தது. ஏழு நற்பேற்றுத் தெய்வங்களுள் பெண் அவள் ஒருத்தியே. வீணை இருக்கவேண்டிய கையில் 'பீவா' என்ற நரம்புக்கருவி.

சீனம் வழியாக வந்த இப்பெயரில் நீர் என்ற பொருளே இல்லை. ஆனாலும் அவளுடைய புகழ்பெற்ற தலங்களான எனோஷிமா, சிக்குபுஷிமா, இட்சுகுஷிமா மூன்றும் தீவுகள். காமகுராவிலுள்ள அவளுடைய கோயிலில் அடியார்கள் சில்லறையை மூங்கில் கூடையிலிட்டு, குகை ஊற்றுநீரில் கழுவி எடுத்துப்போகிறார்கள். கழுவிய காசு பெருகும் என்பது நம்பிக்கை.