மாரியப்பன் தங்கவேலு

மாரியப்பன் தங்கவேலு (பிறப்பு: சூன் 28, 1995) தமிழ்நாட்டைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி உயரம் தாண்டுதல் வீரர் ஆவார். 2016 ஆம் ஆண்டு ரியோ டி செனீரோவில் நடைபெற்ற இணை ஒலிம்பிக் (பாராலிம்பிக்) போட்டியில் 1.89 மீ தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். பின்னர் டோக்கியோவில் வெள்ளிப் பதக்கமும், பாரிசில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். தொடர்ச்சியாக மூன்று இணை ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் இவரே.

இளமை

மாரியப்பன் சேலம் மாவட்டத்தில் உள்ள பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து சென்றபோது பேருந்து ஒன்று மோதியதில், இவரது வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. கால் அகற்றப்படவில்லை. எனினும் அதன் கீழ்ப்பகுதி அதற்குப் பிறகு இயல்பான வளர்ச்சி பெறவில்லை. இவரது தாயார் செங்கல் சுமக்கும் வேலை செய்தும், பின்னர் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். சிகிச்சைக்காகக் குடும்பம் சுமார் 3 இலட்சம் ரூபாய் கடன் வாங்க நேர்ந்தது.

பள்ளி நாட்களில் மாரியப்பனுக்குக் கைப்பந்தாட்டத்தில் விருப்பம் இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் ஊக்கத்தால் உயரம் தாண்டுதலுக்கு மாறினார். 14 வயதில் உடற்குறை இல்லாத மாணவர்களுடன் போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். அப்போட்டியில் அவருக்கெனத் தனிப் பிரிவோ தனி விதியோ இருக்கவில்லை. பின்னர் சேலத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் வணிக நிருவாகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றார்.

பயிற்சி

2013 இல் பெங்களூரில் நடைபெற்ற தேசிய அளவிலான மாற்றுத்திறனாளி தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா இவரைக் கண்டறிந்தார். 2015 முதல் பெங்களூரில் அவரிடம் பயிற்சி பெற்றார். 2016 மார்ச்சில் துனீசியாவில் நடந்த போட்டியில் 1.78 மீ தாண்டினார். ரியோ போட்டிக்கான தகுதி உயரம் 1.60 மீ மட்டுமே ஆகும்.

உயரம் தாண்டுதலில் வீரர் வளைவான பாதையில் ஓடிவந்து, ஒற்றைக் காலால் உந்தி எழும்பி, முதுகு கீழ்நோக்கியிருக்கக் குறுக்குக் கம்பத்தைக் கடக்கிறார். ஓட்டத்தின் வேகம் கடைசி இரண்டு மூன்று அடிகளில் மேல்நோக்கிய விசையாக மாற வேண்டும். இரு கால்களின் நீளமும் வலிமையும் சமமாக இல்லாதவருக்கு இந்தக் கடைசி அடிகளே கடினமானவை. காலடிகளின் நீளம் ஒன்றுபோல் அமையாது. எனவே ஓட்டத்தின் தாளத்தைத் தம் உடலுக்கேற்ப அமைத்து, அதையே மீண்டும் மீண்டும் பழக வேண்டியுள்ளது.

வகைப்பாடு

மாற்றுத்திறனாளி விளையாட்டில் ஒருவர் யாருடன் போட்டியிடுவார் என்பதை வகைப்பாடு முடிவு செய்கிறது. தடகளத்தில் 'டி' என்ற எழுத்து ஓட்டம், தாண்டுதல் ஆகியவற்றையும், 'எஃப்' என்ற எழுத்து எறிதலையும் குறிக்கும். எண் குறைபாட்டின் வகையையும் அளவையும் காட்டும். மாரியப்பன் டி42 பிரிவைச் சேர்ந்தவர்.

2018 க்கு முன்னர் டி42 பிரிவில் செயற்கைக்கால் அணிபவர்களும் அணியாதவர்களும் சேர்ந்திருந்தனர். 2018 இல் விதிகள் மாற்றப்பட்டன. முழங்காலிலோ அதற்கு மேலோ ஒரு காலை இழந்து செயற்கைக்கால் அணிந்து போட்டியிடுவோர் டி63 பிரிவில் வைக்கப்பட்டனர். கால் இருந்தும் அதன் நீளம், தசை வலிமை அல்லது அசைவு குறைந்தவர்கள் டி42 இல் தொடர்ந்தனர். ஆயினும் டோக்கியோ, பாரிசு போட்டிகளில் உயரம் தாண்டுதல் டி63 என்ற ஒரே போட்டியாக நடத்தப்பட்டது. டி42 வீரர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். இதனால் மாரியப்பன் தமது வளர்ச்சி குன்றிய காலுடன், செயற்கைக்கால் அணிந்த வீரர்களுக்கு எதிராகவே தாண்டினார்.

விளையாட்டு வகைப்பாடும் அரசு வழங்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் வேறு வேறானவை. சேலம் மாவட்டத்திலோ, கிழக்கே அதனை ஒட்டியுள்ள கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை ஊர்களிலோ வாழும் ஒரு மாணவர், மருத்துவக் குழுவிடம் குறைபாட்டின் விழுக்காட்டைக் குறிக்கும் சான்றிதழ் பெறலாம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் கல்வி, வேலைவாய்ப்பு இட ஒதுக்கீட்டுக்கு அது பயன்படும். ஆனால் அந்த விழுக்காடு விளையாட்டுப் பிரிவைத் தீர்மானிப்பதில்லை. வகைப்பாட்டாளர்கள் உடலை அளந்து, அசைவுகளைச் சோதித்து, தேவையெனில் போட்டியின்போதும் கவனித்துப் பிரிவை அறிவிக்கின்றனர். அப்பிரிவு பிற்காலத்தில் மறு ஆய்வுக்கும் உட்படலாம்.

இதன் விளைவு கடுமையாகவும் இருக்கக்கூடும். டோக்கியோவில் வட்டெறிதல் எஃப்52 பிரிவில் வெண்கலப் பதக்க இடத்தைப் பிடித்த இந்திய வீரர் வினோத் குமார், அப்பிரிவுக்குத் தகுதியானவர் அல்லர் என வகைப்பாட்டுக் குழு முடிவு செய்ததால் பதக்கத்தை இழந்தார்.

ரியோ 2016

2012 இலண்டன் இணை ஒலிம்பிக்கில் கருநாடகத்தைச் சேர்ந்த கிரிசா உயரம் தாண்டுதலில் 1.74 மீ தாண்டி வெள்ளி வென்றிருந்தார். அப்போட்டியில் இந்தியா பெற்ற ஒரே பதக்கம் அதுவேயாகும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரியோவில் மாரியப்பன் 1.89 மீ தாண்டினார். அமெரிக்காவின் சாம் குரூ, இந்தியாவின் வருண் சிங் பாட்டி இருவரும் 1.86 மீ தாண்டினர். உயரம் சமமாக இருக்கும்போது தவறிய முயற்சிகளின் எண்ணிக்கை ஒப்பிடப்படும். அதன்படி குரூ வெள்ளியும் பாட்டி வெண்கலமும் பெற்றனர்.

முரளிகாந்த் பெட்கர் (1972), தேவேந்திர சச்சாரியா (2004) ஆகியோருக்குப் பின் இணை ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மூன்றாவது இந்தியர் மாரியப்பன். தமிழ்நாடு அரசு இவருக்கு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது.

டோக்கியோ 2020

கொரோனா பெருந்தொற்றால் இப்போட்டி 2021 இல் நடைபெற்றது. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்த மாரியப்பன் தேர்வு செய்யப்பட்டிருந்தார். விமானப் பயணத்தில் தொற்று உறுதியான ஒருவருக்கு அருகில் இருந்தமையால் அவர் தனிமைப்படுத்தப்பட்டார். தேக் சந்து கொடியை ஏந்தினார்.

ஆகத்து 31 அன்று இறுதிப் போட்டியின்போது மழை பெய்தது. குறைபாடுள்ள காலில் அணிந்திருந்த காலுறை நனைந்ததால் தாண்டுவது கடினமானதாக மாரியப்பன் பின்னர் தெரிவித்தார். 1.86 மீ உயரத்தை இவரும் குரூவும் கடந்தனர். 1.88 மீ உயரத்தை மூன்று முயற்சிகளிலும் இவரால் கடக்க இயலவில்லை. குரூ தமது மூன்றாவது முயற்சியில் கடந்து தங்கம் வென்றார்.

2021 நவம்பரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணிக்கான ஆணையைத் தமிழ்நாடு அரசு இவருக்கு வழங்கியது.

பாரிசு 2024

2024 மே மாதம் சப்பானின் கோபே நகரில் நடந்த உலக வாகையர் போட்டியில் 1.88 மீ தாண்டித் தங்கம் வென்றார். செப்டம்பரில் பாரிசில் 1.85 மீ தாண்டி மூன்றாம் இடம் பெற்றார். செயற்கைக்கால் அணிந்து தாண்டும் அமெரிக்காவின் எசுரா பிரெச் 1.94 மீ தாண்டித் தங்கமும், இந்தியாவின் சரத் குமார் 1.88 மீ தாண்டி வெள்ளியும் வென்றனர்.

எட்டு ஆண்டுகளில் மாரியப்பன் மூன்று இணை ஒலிம்பிக் போட்டிகளில் தாண்டிய உயரங்களுக்கு இடையே 4 செ.மீ வேறுபாடே உள்ளது. அதே காலத்தில் தங்கத்திற்கான உயரம் 1.89 மீட்டரிலிருந்து 1.94 மீட்டராக உயர்ந்தது. பதக்கத்தின் நிறம் மாறியதற்கு அவரது திறன் குறைந்ததை விடப் போட்டியின் தரம் உயர்ந்ததே முதன்மைக் காரணம் எனலாம். ரியோவில் 4 ஆக இருந்த இந்தியாவின் மொத்தப் பதக்க எண்ணிக்கை டோக்கியோவில் 19 ஆகவும் பாரிசில் 29 ஆகவும் உயர்ந்தது.

முதன்மைப் பதக்கங்கள்

2016 – இணை ஒலிம்பிக், ரியோ – தங்கம் – 1.89 மீ
2019 – உலக வாகையர் போட்டி, துபாய் – வெண்கலம் – 1.80 மீ
2021 – இணை ஒலிம்பிக், டோக்கியோ – வெள்ளி – 1.86 மீ
2023 – ஆசிய இணை விளையாட்டுகள், காங்சூ – வெள்ளி – 1.80 மீ
2024 – உலக வாகையர் போட்டி, கோபே – தங்கம் – 1.88 மீ
2024 – இணை ஒலிம்பிக், பாரிசு – வெண்கலம் – 1.85 மீ

விருதுகள்

2017 – பத்மசிறீ
2017 – அருச்சுனா விருது
2020 – கேல் ரத்னா விருது