கயிற்றில் ஒட்டிய மணல்

மட்டையைக் காயலில் ஊறப்போட்டு, அடித்து நாராக்கி, கயிறு திரித்துக் கடற்கரை மணலிலேயே காயப்போடுவது தென் திருவிதாங்கூர் வழக்கம். அந்தக் கயிறு கப்பலேறி ஜெர்மனிக்கும் போயிற்று. அதில் ஒட்டியிருந்த மணவாளக்குறிச்சி மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் சோதித்துப் பார்த்தார். மணல் தானாக ஒட்டியதா, எடைக்காக ஒட்டவிட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் வியாபாரிதான்.

அவர் கண்டது மோனசைட். அதிலிருந்து தோரியம் கிடைக்கும். கல்யாண ஊர்வலத்துப் பெட்ரோமாக்ஸ் லைட்டில் கட்டுவோமே, வெள்ளை மேண்டில், அதற்கு அந்நாளில் தோரியம்தான் உயிர். 1910-இல் மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார், பிறகு சவறாவிலும் வைத்தார். முதல் உலகப்போர் வந்ததும் அவரை உளவாளி என்று பிடித்துப் போட்டார்கள். ஆலைகளும் மூடிக்கிடந்தன. 1920-களில் வெள்ளைப் பெயிண்டுக்கு இல்மனைட் வேண்டியிருந்ததால், அதுவரை மதிப்பில்லாத கருமணல் முதல் சரக்காகி விட்டது. 1947-இல் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கப் பார்த்தபோது அதன் கையிலிருந்த துருப்புச் சீட்டுகளில் மோனசைட்டும் ஒன்று. 1950 ஆகஸ்டு 18-இல் இந்திய அருமண் நிறுவனம் பதிவாயிற்று. 1960-களில் மணவாளக்குறிச்சியும் சவறாவும் அதன் கைக்கு வந்தன. இதற்குள், 1956 நவம்பர் 1-இல், குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டது.

இவ்வளவும் பலர் எழுதிவிட்டார்கள். தோண்டிய நிலம் என்ன ஆச்சு என்பதைத்தான் அதிகம் பேர் எழுதவில்லை.

அலை ஒதுக்கிய கருமணலை வழித்தெடுப்பது ஒரு முறை. கடல் மறுபடியும் கொண்டுவந்து போடும் என்பது அதன் கணக்கு. உள்நிலத்து மணல்மேட்டைத் தோண்டுவது வேறு. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, குளம்போல் வெட்டி, மிதவை இயந்திரத்தால் மணலை உறிஞ்சுவார்கள். சுருள் தொட்டிகளில் தண்ணீரோடு விட்டால் கனமானவை ஒருபக்கம் ஒதுங்கும். பிறகு காந்தத்தாலும் மின்சாரத்தாலும் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் என்று பிரிப்பார்கள். மிஞ்சிய வெள்ளை மணல் பின்னாலேயே குழிக்குத் திரும்பும். அதன்மேல் மேல்மண்ணைப் பரப்பிச் சவுக்கு, முந்திரி நடுவார்கள். இதற்கு நில மீட்பு என்று பெயர். ஒரிசா சத்ரபூரில் 1980-களிலிருந்து இப்படி வெட்டியும் நிரப்பியும் வருகிறார்கள். வெட்டிய இடத்தில் மரம் நிற்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

ஆனால் கணக்குப் பாருங்கள். 100 மூட்டை மணல் எடுத்து 30 மூட்டை கனிமமாகப் போனால், குழிக்குத் திரும்புவது 70தான். மற்றதை வெளியிலிருந்து கொண்டுவந்தால் ஒழிய மேடு தாழத்தான் செய்யும். போனதோ கனமான மணல். இல்மனைட் தன் பருமனளவு தண்ணீரைப்போல் நாலரை மடங்குக்கு மேல் எடை, வெள்ளை மணல் இரண்டே முக்கால் மடங்குகூட இல்லை. அலைக்கும் காற்றுக்கும் எது முதலில் நகரும்? மேலும் மணல்மேடு வெறும் மேடல்ல. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீர்மேல் மிதந்து நிற்கும். கடலோரத்துக் கிணறு இனிப்பது அதனால்தான். மேடு தாழ்ந்தால் கிணறு கரிக்கும். சவுக்கு நட்டு இதைச் சரிக்கட்ட முடியாது.

(எங்கள் சமண நூல்களில் மண்ணும் ஓரறிவுயிர். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதே குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் எங்கள் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கல்லில் இருக்கிறார்கள்.)

இடம் அகலமாயிருந்தால் பிழை பொறுக்கும். கொல்லம் ஆலப்பாட்டில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் கால்வாய், நடுவில் ஒரு நாடாபோல் ஊர். 1955-இல் 89.5 சதுர கிலோமீட்டராயிருந்த ஊர் 7.6 ஆகிவிட்டது என்று 2018, 2019-இல் போராடியவர்கள் சொன்னார்கள். எடுப்பவர்கள் கடல் அரிப்பைக் காட்டினார்கள். எண்ணைப் பற்றி வழக்கு இருக்கலாம். வீட்டைவிட்டுப் போன குடும்பங்களைப் பற்றி வழக்கில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஊர் பட்ட பாடும் நாடறியும்.

கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், ஏழுதேசம், கொல்லங்கோடு பக்கமாக 1144 ஹெக்டேர் கேட்கப்பட்டது. 2024 அக்டோபர் 1-இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. மீன்பிடிப்பவர்கள் பேரப்பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தார்கள். அங்கே பூர்வீக வீடு வைத்திருக்கும் நம் சங்கத்துக் குடும்பங்கள் இன்றே தங்கள் மணல்மேட்டின் உயரத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் சர்வேயரை வைத்து அளந்து, தேதி போட்டு எழுதி வைக்கட்டும். தோண்டிய பிறகு அளந்தால் எதோடு ஒப்பிடுவது?