டொம் – ஒரு தீர்ப்புச் சொல்லின் வரலாறு

சொல் வரலாற்றில் எனக்குள்ள பித்து தாங்கள் அறிந்ததே. இம்முறை டென்மார்க், நார்வே மொழிகளில் வழங்கும் 'டொம்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டேன். நீதிமன்றத் தீர்ப்பு என்பது அதன் பொருள். வழக்கையே முடித்துவைக்கும் தீர்ப்புதான் 'டொம்'. நடைமுறை குறித்த ஆணைகளுக்கு வேறு பெயர்கள் உண்டு.

வைத்தல், நிறுவுதல் என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து பிறந்தது இச்சொல். மாணவர்கள் அறிந்த 'கிங்டம்', 'ஃப்ரீடம்' ஆகியவற்றின் ஈறாகிய 'டம்' இதன் உடன்பிறப்பே! நம் 'தீர்ப்பு' முடிவைச் சுட்ட, அவர்கள் சொல் நிறுவுதலைச் சுட்டுகிறது.

சொல்லைவிட அது ஒலித்த இடமே என்னைச் சிந்திக்க வைத்தது. அக்காலத்தில் நார்வே டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1661-இல் கோப்பன்ஹேகனில் உச்ச நீதிமன்றம் நிறுவப்பட்டது. ஐந்தாம் கிறிஸ்டியன் மன்னர் 1683-இல் டென்மார்க்குக்கும், 1687-இல் நார்வேக்கும் சட்டத் தொகுப்புகளை வழங்கினார். நார்வேக்கெனத் தனிச் சட்டநூல் இருந்தும், அந்நாட்டு வழக்குகளின் இறுதி மேல்முறையீடு கடல் கடந்து கோப்பன்ஹேகனுக்கே சென்றது. அவ்வளவு தொலைவு வழக்காட எளியவருக்கு ஏது பொருள்?

1814-இல் நார்வே டென்மார்க்கிலிருந்து பிரிந்து, தனக்கென அரசியலமைப்பை இயற்றிக்கொண்டது. அவ்வாண்டே சுவீடன் மன்னரின் கீழ் இணைய நேர்ந்தபோதும் நீதித்துறையை விட்டுக்கொடுக்கவில்லை. 1815-இல் இன்றைய ஒஸ்லோவில் நார்வேயின் உச்ச நீதிமன்றம் பணியைத் தொடங்கியது. அங்கும் தீர்ப்பின் பெயர் 'டொம்' தான். பழைய ஆட்சியின் நினைவென்று அச்சொல்லை எவரும் விலக்கவில்லை. அதுவே சரியென்பது என் கருத்து. நார்வே உழவர் தம் நில வழக்கின் கடைசி 'டொம்'மைத் தம் நாட்டிலேயே கேட்க முடிந்ததே!