போலந்தின் களிப்பாறை வாயுவும் அதன் மதிப்பீடும்

போலந்து தனக்கு வேண்டிய வாயுவிற் பெரும்பகுதியை நெடுங்காலம் இரசியாவிடமே பெற்று வந்தது. ஆகவே, அந்நாட்டுக் களிப்பாறைகளில் எடுக்கத்தக்க வாயு 5.3 இலட்சம் கோடி கனமீற்றர் உளதென ஐக்கிய அமெரிக்க எரிசக்தித் தகவல் நிருவாகம் 2011 ஏப்பிரிலில் வெளியிட்டபோது, அது வெறும் புவிச்சரிதச் செய்தியாகக் கொள்ளப்படவில்லை.

போல்றிக் கரையிலிருந்து லுப்ளின் வரை பரந்த இப்பாறைகள், ஓடோவிசிய, சிலூரிய காலங்களிற் கடலடியிற் படிந்த சேறு இறுகியமையால் உண்டானவை. சேற்றோடு புதையுண்ட சேதனப்பொருள் வெப்பத்தால் முதிர்ந்து வாயுவாயிற்று. பாறையின் பரப்பு, தடிப்பு, சேதனக் காபனின் அளவு, முதிர்ச்சி என்பவற்றைக் கொண்டு உள்ளுறையும் வாயுவைக் கணித்து, அதில் ஒரு பங்கே வெளிவருமெனக் கொள்வது அம்மதிப்பீட்டின் முறை. அப்பங்கு எவ்வளவு என்பதிலேயே இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருந்தது. துளையிடாமல் அதனை அறிதல் அரிது.

2012 மார்ச்சில் போலந்துப் புவிச்சரிதவியல் நிறுவகம், 1950க்கும் 1990க்கும் இடையில் தோண்டப்பட்ட 39 கிணறுகளின் பதிவுகளை ஆராய்ந்தது; ஒரு கிணறு தன் வாழ்நாளில் எவ்வளவு தருமென்பதை அமெரிக்கக் கிணறுகளோடு ஒப்பிட்டுக் கணித்தது. பெற்ற விடை 34,600 கோடி முதல் 76,800 கோடி கனமீற்றர் வரை. உயர்ந்த எல்லையும் முன்னைய தொகையில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கே. நாடே மகிழ்ந்திருந்த வேளையில் இதனைக் கூறிய நிறுவகத்தின் நேர்மை பாராட்டற்பாலது.

ஏறத்தாழ 70 கிணறுகள் தோண்டப்பட்டும் வாணிகத்துக்குப் போதிய வாயு பெறப்படவில்லை. பாறை ஆழத்திற் கிடந்தது. களி மிகுந்தமையால் நீரமுக்கத்துக்கு எளிதிற் பிளவுபடவுமில்லை. எக்சன்மொபில் 2012 இலும் செவ்றன் 2015 இலும் விலகின. 2022 ஏப்பிரிலில் இரசியா வாயுவை நிறுத்தியபோது போலந்துக்குக் கைகொடுத்தவை களிப்பாறைகளல்ல. கப்பலில் வந்த திரவவாயுவும், அவ்வாண்டு செப்டெம்பரில் திறக்கப்பட்ட, நோர்வே வாயுவைக் கொணரும் போல்றிக் குழாயுமேயாம்.