சிவன் மேல் பொடியா, செவ்வவல்பொரியா?

சர்ப்பகந்தி வேருக்கு மூலிகைப் பட்டியல்கள் தரும் தமிழ்ப்பெயர்களுள் ஒன்று ‘சிவன் மேல் பொடி’. ‘சிவன் அமல்பொடி’ என்றும் எழுதுவர். சிவபெருமான் திருமேனியில் பூசிய நீறே இப்பெயரில் நிற்கிறது என்பது பலரும் விரும்பும் விளக்கம். மதுரையில் இது எளிதில் வேர்பிடிக்கும். பாம்பு தன் வாயால் எல்லை காட்டியதால் ஆலவாய் எனப் பெயர் பெற்ற ஊர் இது. சம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடிப் பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்ததும் இங்கேதான். தேவாரத்தில் பொடி என்றாலே நீறு. சிவன், பாம்பு, பொடி, நோய் தீர்தல் என நான்கும் கூடிவிட்டபின் வேறு சான்று எதற்கு என்பார்கள். வெப்பு நோயையும் இவ்வேர் தணிக்கும் இரத்தக் கொதிப்பையும் ஒன்றாக்கிப் பேசுவோரும் உண்டு. வெப்பு என்பது சுரம். கொதிப்பில் குருதி சூடேறுவதில்லை. குழாய்ச் சுவரை அது அழுத்தும் விசையே கூடுகிறது. இரண்டையும் இணைப்பதற்கு இடமே இல்லை.

சான்று மேற்குக் கரையில் கிடைக்கிறது. டச்சு மலபாரின் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலின் ஆறாம் தொகுதியில் இச்செடி படத்தோடு இருக்கிறது. அங்கே அதன் பெயர் ‘சோவன்ன அமெல்பொடி’. மலையாளத்தில் இன்றும் இது ‘சுவன்ன அவில்பொரி’. சுவன்ன என்றால் சிவந்த. அவில் நம் அவல். பொரி நம் பொரியே. வகரம் மகரமாவது நமக்குப் புதிதன்று: விழுங்கு முழுங்கு ஆகிறது, விழி முழி ஆகிறது, விஞ்சு மிஞ்சு ஆகிறது. அவ்வாறே அவில் அமெல் ஆயிற்று, பொரி பொடியாயிற்று. பிற மொழி எழுத்தில் ஏறி இறங்கிய ‘சோவன்ன’ தமிழ்ப் பட்டியலில் சிவனாகிவிட்டது. சிவன் என்ற சொல்லே செம்மைப் பொருளில் பிறந்ததுதானே, இரண்டும் ஒன்றுதானே எனச் சிலர் மறுப்பர். அந்த மறுப்பு என் பக்கமே சேர்கிறது: செடிக்குப் பெயர் தந்தது நிறம், தெய்வம் அன்று. பூங்கொத்தின் காம்பும் புல்லிவட்டமும் செக்கச் சிவந்திருப்பதை அச்செடியைப் பார்த்தவர் மறுக்க மாட்டார்.

சர்ப்பகந்தி என்ற வடசொல்லுக்கு, அதன் மணத்துக்குப் பாம்பு அஞ்சி ஓடும் என்று பொருள் சொல்வது வெறும் கதை. வேர் செய்யும் வேலையை உரைக்கும் பெயர் வடநாட்டு மக்கள் வழக்கில் இருக்கிறது: ‘பாகல் கி தவா’, அதாவது பித்துக்கு மருந்து. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஒருசேர இவ்வேரைப் பரிந்துரைத்தனர். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரித்தானிய இதய இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் இவ்வேரிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தனர். பித்துக்கும் கொதிப்புக்கும் ஒரே வேர் எப்படி என்ற கேள்விக்கு நரம்பு விடை சொல்கிறது. குழாய்களைச் சுருக்கும் கட்டளை மூளைத்தண்டிலிருந்து பரிவு நரம்புகள் வழியே இறங்குகிறது; நரம்பு முனையில் நார்அட்ரினலின் அதைக் கைமாற்றுகிறது. அப்பொருளைச் சிறு பைகளில் சேமிக்கும் வழியை ரெசர்பைன் அடைத்துவிடும். சேமிப்பு வற்றியதும் குழாய் தளர்கிறது, நாடி மெல்ல நடக்கிறது. மூளைக்குள் செரோட்டோனினும் டோப்பமினும் இப்படியே வற்றுவதால் மனக்கொந்தளிப்பு அடங்குகிறது. அளவு மிஞ்சினால் மனச்சோர்வும் வரலாம். இதனாலும் அதன் புழக்கம் சுருங்கியது. பின்வந்த மெத்தில்டோப்பாவும் குளோனிடினும் மூளைத்தண்டிலேயே ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டிக் கட்டளையைக் குறைக்கின்றன. கருவுற்ற பெண்களின் கொதிப்புக்கு மெத்தில்டோப்பா இன்றும் தரப்படுகிறது.

பாம்புக்கடிக்கும் இவ்வேரைக் கொடுத்தார்களே, எனவே பாம்புப் பெயரும் பயனால் வந்ததே எனலாம். நஞ்சை முறிக்கும் ஆற்றல் இதற்கு உண்டென்று நிறுவப்படவில்லை. கடிபட்டவரின் பதற்றத்தை அடக்கியிருக்கலாம், அதுவும் நரம்பின் வழியேதான். ஆகவே என் துணிபு இது: சிவந்த காம்பில் பொரி சிதறியதுபோல் பூத்த வெண்பூவே இச்செடிக்குப் பெயரிட்டது. தமிழ்ப் பட்டியல்கள் இனி இதைச் ‘செவ்வவல்பொரி’ என்றே எழுத வேண்டும்.