குறியெதிர்ப்பையும் கொடையும்

கொடை என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவோர் கடையெழு வள்ளல்கள். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும், ஔவைக்கு நெல்லிக்கனி வழங்கிய அதியமானையும் பள்ளிப் பருவம் முதலே நாம் அறிவோம். சங்க மேடைகளில் அவர்தம் பெயர் ஒலிக்காத ஆண்டுவிழா இல்லை. ஆயினும், ஒரு பரிசிலுக்கும் மறு பரிசிலுக்கும் இடைப்பட்ட நெடிய நாள்களில் புலவனுடைய வீட்டில் உலை எவ்வாறு கொதித்தது? அவன் மனைவியையும் மக்களையும் உயிரோடு காத்தவர் யாவர்? இவ்வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. விடையோ நம் பழம்பாடல்களிலேயே இருக்கிறது.

1894ஆம் ஆண்டில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதலாக அச்சேற்றினார். அதன் பின்னரே ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரின் போரும் புகழும் மட்டுமன்றி, அவர்தம் பசியும் நமக்குத் தெரியவந்தன. அப்பசியை உள்ளிருந்து பாடியவர்களுள் தலையாயவர் பெருஞ்சித்திரனார்.

முதிரமலைத் தலைவனாகிய குமணனை அவர் பாடிய பாடல்கள் 158 முதல் 161 வரையும் 163ஆம் எண்ணிலும் அமைந்துள்ளன. அவற்றுள் இரண்டு, புலவரின் வீட்டை நம் கண்முன் நிறுத்துகின்றன. உயிர் இன்னும் போகவில்லையே என்று தன் முதுமையை நொந்துகொள்ளும் தாய். குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து, உப்பும் மோரும் இன்றி வேகவைத்து உண்ணும் மனைவி. வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழும் சிறுவன். அவன் அழுகையை அடக்கத் தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், ஒன்றும் பயன்படாதபோது, தந்தையிடம் உனக்குள்ள சினத்தை முகத்தில் காட்டு பார்க்கலாம் என்கிறாள். வறுமையை இதனினும் எளிமையாகவும் கூர்மையாகவும் பாடுதல் அரிது.

இப்புலவர் பரிசில் பெற்று வீடு திரும்பியபோது நிகழ்ந்ததே நாம் ஈண்டுச் சிறப்பாக எண்ண வேண்டுவது. 163ஆம் பாடலில் அவர் தம் மனைவியை நோக்கிப் பேசுகிறார். உன்னை விரும்பி வாழ்பவர்க்கும், நீ விரும்பிப் பேணுபவர்க்கும், உன் சுற்றத்தில் மூத்தோர்க்கும் இச்செல்வத்தைக் கொடு என்கிறார். நம் குடும்பத்தின் கொடும்பசி தீர நெடுங்காலம் உனக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்க்கும் கொடு என்கிறார். இன்னார் என்று பாராதே, என்னையும் கேளாதே, நாம் இதனை வைத்து வளமாக வாழ்வோம் என்றும் எண்ணாதே, எல்லார்க்கும் கொடு என்று முடிக்கிறார். நேற்றுவரை வெறுங்கலத்தைத் திறந்து பார்த்த வீடு அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

குறியெதிர்ப்பை என்பது யாது? அண்டை வீட்டில் ஒரு பொருளை அளந்து வாங்கி, பின்னர் அதே அளவில் திருப்பித் தருவதே குறியெதிர்ப்பை. அதற்கு வட்டி இல்லை, எழுத்தும் இல்லை. திருவள்ளுவரும் 221ஆம் குறளில் இச்சொல்லை ஆள்கிறார். வறியவர்க்குத் தருவதே ஈகை. பிறவெல்லாம் திரும்பப் பெறும் நோக்குடைய குறியெதிர்ப்பையின் தன்மையன என்பது அவர் கருத்து. ஈகையின் தூய்மையை வரையறுக்கும் அறநூலுக்கு அம்முடிவு பொருத்தமே. ஆனால், பசித்த வீட்டின் பக்கம் நின்று நோக்கும் பெருஞ்சித்திரனார்க்கு அந்த அளந்த அரிசியின் அருமை வேறாகத் தெரிகிறது. திருப்பித் தர இயலுமா என்பதே ஐயமான வீட்டிற்கு மீண்டும் மீண்டும் அளந்து கொடுத்தவர்கள், கடன் தந்தவர்கள் மட்டும் அல்லர். ஆகவேதான் கடனைத் தீர்த்துவிடு என்று அவர்களைத் தனியே பிரித்துக் கூறாமல், அன்பர்க்கும் சுற்றத்தார்க்கும் கூறிய அதே கொடைச் சொல்லாலேயே அவர்களையும் சேர்த்துக் கூறுகிறார் புலவர்.

புலவர்கள் வயிற்றுக்காக அரசரைப் புகழ்ந்தவர்கள் என்று கூறுவோர் உளர். அவர்கள் இவரையே மீண்டும் ஒருமுறை நோக்கவேண்டும். அதியமான் இவரை நேரிற் காணாமல் பரிசிலை மட்டும் அனுப்பியபோது, யான் பரிசிலுக்காக வாணிகம் செய்பவன் அல்லேன் என்று மறுத்தவர் இவர். இளவெளிமான் சிறிதளவே கொடுத்தபோது, அதனை ஏலாது சென்று, குமணனிடம் யானையைப் பரிசிலாகப் பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டி, இது எம் பரிசில் என்றவர் இவர். அரசர்முன் இத்துணை மானம் காத்தவர், அளந்து கொடுத்த அண்டை வீட்டாரை மட்டும் நன்றியோடு நினைவில் வைத்திருந்தார். இது சிந்திக்கத்தக்கது.

அரசன் கொடை பெரிது. ஆனால் அது நிலையற்றது. குமணனே தன் தம்பியிடம் நாட்டை இழந்து காடு புகுந்தான். அவனைத் தேடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனாரின் வீட்டில், சமையலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருந்தது. கொடுக்க ஏதுமற்ற குமணன், தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருந்தமையால், அத்தலையைக் கொய்து கொண்டு செல்லுமாறு புலவரிடம் தன் வாளை நீட்டினான் என்பர். வள்ளன்மையின் உச்சி அது. எனினும், ஒரு தலைவன் வீழ்ந்தால் பல அடுப்புகள் அணையும் என்னும் உண்மையும் அதனுள் அடங்கியுள்ளது.

அடுப்பை அணையாமல் காத்தவர் பலரும் பெயர் தெரியாத இல்லத்தரசியரே. புறநானூற்றின் 333ஆம் பாடலில் அத்தகைய ஒருத்தியைக் காண்கிறோம். வரகும் தினையும் இரவலர் உண்டு தீர்ந்துவிட்டன, குறியெதிர்ப்பையும் கிடைக்கவில்லை. அவள் விதைக்கென உலர்த்தி வைத்திருந்த தினையை உரலில் இட்டுக் குற்றி விருந்தினர்க்கு உணவு ஆக்குகிறாள். நாளைய விளைச்சலையே இன்றைய விருந்தாக்கிய இச்செயல், பல நூற்றாண்டுகளுக்குப் பின் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இளையான்குடி மாறநாயனார் வரலாற்றில் மீண்டும் நிகழ்கிறது. மழை பெய்யும் நள்ளிரவில், பகலில் விதைத்த நெல்லை வாரி வந்து அடியார்க்கு அமுது படைக்கிறது அவ்வில்லறம். வாரி வரலாம் என்று கணவர்க்கு வழி கூறியவர் மனைவியாரே.

மணிமேகலைக் காப்பியமும் இதற்குச் சான்று பகர்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும், முதலில் ஆதிரை என்னும் இல்லத்தாள் இட்ட பிச்சையால்தான் தன் தொழிலைத் தொடங்குகிறது. அதன்பின் மணிமேகலை பசித்தோர்க்கெல்லாம் உணவளிக்கிறாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு அரசனை வேண்டிப் பெறுகிறாள். அற்புதக் கலத்திற்கும் ஒரு வீட்டுச் சோறு முதலாக வேண்டியிருந்தது.

பாடலில் கண்ட இவ்வறம் பின்னாளில் நிறுவனமாகவும் மலர்ந்தது. 1867ஆம் ஆண்டில் வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பார்வதிபுரத்து மக்கள் அதற்காக 80 காணி நிலம் வழங்கினர். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தோர்க்கு உணவு சமைக்கிறது. காளான் பூத்த அடுப்பைப் பாடிய மொழி, அணையா அடுப்பையும் கண்டது.

இன்னும் ஒரு காட்சி. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைக்கிறாள். வறுமை அறியாதார் கண்ணில் படுமே என்று நாணி வாயிற்கதவை அடைக்கிறாள். அடைத்த கதவுக்குள்ளும் அவள் தனித்து உண்ணவில்லை. பெருஞ்சுற்றத்தோடு பகிர்ந்தே உண்கிறாள். வறுமை பிறர் பார்வைக்குக் கதவை அடைத்தது. பகிர்ந்துண்ணும் பண்பை அதனால் அடைக்க இயலவில்லை. பெருஞ்சித்திரனாரின் மனைவி கொடுத்து மகிழக் கதவைத் திறந்து வைத்தாள். வறுமையை வென்ற நாள், செல்வம் வந்த நாள் அன்று. அது பலர்க்கும் சென்ற நாளே என்பது நம் புலவர்கள் கண்ட முடிவு.

ஊரையும் உறவையும் விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் இதனை ஏட்டில் மட்டும் அறிந்தவை அல்ல. மாதக் கடைசியில் ஓர் ஆழாக்கு அரிசியும் ஒரு தம்ளர் சர்க்கரையும் கைமாறியே பல குடும்பங்கள் அயலூரில் வேர்கொண்டன. தந்தவர் தமிழராகவும் இருந்தனர். நம் மொழி அறியாத அண்டை வீட்டாராகவும் இருந்தனர். இன்று அளந்து வாங்கும் நிலையில் நம்முள் பலர் இல்லை. ஆனால் வேலை தேடிப் புதிதாக வந்து, நாணத்தால் கதவை அடைத்துக்கொண்டு உண்பவர் நாம் வாழும் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர் எம்மொழியினர் என்று கேளாமல் அக்கதவை நாம் தட்டுவோமானால், நெடுங்காலம் நமக்கு அளந்தவர்களின் கடனை, பெருஞ்சித்திரனார் காட்டிய முறையில், கொடையாகவே தீர்த்தவர் ஆவோம்.