நகரத் திட்டமும் நகர மாந்தரும்

ஒரு நகரத்தின் வீதிகள் எவ்வழிச் செல்லுதல் வேண்டும், சந்தை எங்கே அமைதல் வேண்டும், எவ்விடத்தில் வீடு கட்டலாம், எவ்விடம் வெளியாக விடப்படல் வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒருங்கே ஆராய்ந்து வருங்காலத்துக்கென வகுக்கப்படும் ஏற்பாடே முழுநகரத் திட்டம் எனப்படும். அது ஒருமுறை வரைந்து பெட்டகத்திற் பூட்டிவைக்கத்தக்க சாசனமன்று. குடி பெருகும், தொழில் மாறும், கிணறு வற்றும், புதிய பாதை வரும். ஆகவே காலந்தோறும் அது திருத்தப்படல் வேண்டும். அங்ஙனம் திருத்துங்கால் ஒரு வினா எழுகின்றது. திருத்தும் உரிமை வரைபடம் வல்லார்க்கு மட்டும் உரியதா, அன்றி அத்திட்டத்தின்கீழ் வாழப்போகும் குடிமக்களுக்கும் உரியதா? இருபதாம் நூற்றாண்டின் நகர அமைப்பு வரலாறு பெரும்பாலும் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் கண்ட விடையொன்று கருதத்தக்கது. 1909 ஆம் ஆண்டிற் சிக்காகோ நகருக்கு டானியல் பேர்ணம், எட்வேட் பெனெற் என்னும் இருவர் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தனர். அதனை வேண்டிப் பெற்றோர் அந்நகரத்து வணிகப் பெருமக்கள். திட்டத்தை மக்கள் ஏற்கச் செய்தற்பொருட்டு 1911 இல் ஒரு பாடநூல் வெளியிடப்பட்டது. திட்டக்குழுத் தலைவரான சாள்ஸ் வாக்கரின் பெயர் தாங்கிய அக்கைந்நூல் பாடசாலைகளிலே எட்டாம் வகுப்பு மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டது. நகரவியலைச் சிறார்க்குப் புகட்டிய முயற்சி என்ற அளவில் அது போற்றற்குரியதே. ஆயினும் மாணவர் கையில் நூல் வந்து சேருமுன்னரே திட்டம் முற்றுப்பெற்றுவிட்டது. மக்கள் செய்ய எஞ்சியிருந்தது தலையசைத்தல் ஒன்றே.

இதற்கு மாறான நெறியைக் கண்டவர் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர். 1854 இற் பிறந்த இவர் தாவரவியல் பயின்றவர். 1888 முதல் டண்டீயிலே அத்துறைப் பேராசிரியராய் விளங்கியவர். உயிரையும் அது வாழும் சூழலையும் பிரித்தறிய இயலாது என்னும் உயிரியல் உண்மையை அவர் நகரத்துக்கும் பொருத்திக் கண்டார். 1886 இல் மணம் புரிந்தபின், எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில், வறியோர் நெருங்கி வாழ்ந்த முற்றம் ஒன்றிலே தம் மனைவியாருடன் குடியேறினார். அயலாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைத் துப்புரவாக்கி, சுவருக்கு வெள்ளையடித்து, சாளரங்களிற் பூஞ்செடி வைத்தார். 1892 முதல் அந்நகரத்துக் காட்சிக் கோபுரம் ஒன்றை நகர ஆய்வுக்கு நிலைக்களமாக்கினார். உச்சியில் ஏறி நகரைக் காண்போர், கீழிறங்குந்தோறும் நகரம், நாடு, உலகம் என விரியும் காட்சிகளைக் கண்டு கற்றனர். நோயறியாது மருந்து கொடுத்தல் தகாதவாறு போல, நகரை ஆராயாது திட்டம் வகுத்தலும் தகாது என்பது அவர் கொள்கை.

1914 இற் சென்னை ஆளுநர் பென்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். அவர் பல்லாண்டு திரட்டிய நகரக் கண்காட்சிப் பொருள்கள் வேறு கப்பலில் வந்தன. சென்னைக் கரையிற் குண்டு பொழிந்த எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல், அவ்வாண்டு ஒக்ரோபரில் அக்கப்பலையும் மினிக்கோய்த் தீவுக்கு அண்மையில் மூழ்கடித்தது. கெடிஸ் மனந்தளரவில்லை. பிரித்தானியாவிலிருந்த நண்பர் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 இன் தொடக்கத்திற் சென்னையிலே கண்காட்சி நடைபெற்றது. அதன்பின் மதுரை, தஞ்சாவூர் முதலாய நகரங்களுக்குச் சென்று சந்து பொந்துகளிலெல்லாம் கால்நடையாகத் திரிந்து அறிக்கைகள் எழுதினார்.

தஞ்சைக் கோட்டைப் பகுதி பற்றி அவர் கூறியது சிறப்பாக நோக்கற்பாலது. நெருக்கடி மிகுந்த குடியிருப்பை ஊடறுத்து நேர்கோட்டு வீதிகள் அமைத்தலே அக்காலத்து நகராண்மையார் அறிந்த மருந்து. அங்ஙனம் செய்யின் நல்ல வீடுகளும் இடிபடும். வீடிழந்தோர் ஏற்கனவே நெருக்கடியுள்ள பிறிதோரிடத்திற் புகுவர். நோய் இடம் மாறுமேயன்றி நீங்காது. கெடிஸ் வீடு வீடாகப் பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, ஒழுங்கைகளைச் சிறிது அகலமாக்கி, இடையிடையே வெளிவிட்டு மரம் நட்டாற் போதும் எனக் கண்டார். பேணிக் காக்கும் சத்திரசிகிச்சை என இம்முறையை அவர் அழைத்தார். செலவும் நேர்வீதித் திட்டத்தின் செலவில் ஒரு சிறு பங்கே. வரைபடத்தை மட்டும் நோக்குவார்க்குப் பாழ்வீடும் வாழ்வீடும் ஒன்றாகவே தோன்றும். தெருவில் நடந்து குடியிருப்போரைக் கேட்பார்க்கே அவற்றின் வேறுபாடு புலனாகும்.

எனினும் மக்கள் நம்பாதவிடத்து இவ்வாய்வும் பயன்படாது. 1918 அளவில் இந்தூர் சமத்தானத் தலைநகரிற் கெடிஸ் பணிபுரிந்தபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. அந்நகரம் கொள்ளைநோயால் வருந்திக்கொண்டிருந்தது. வரைபடத்தைக் கையிற்கொண்டு தெருவில் நின்ற வெள்ளையரைக் கண்ட பெண்டிரும் சிறுவரும் அஞ்சி ஒதுங்கினர். வீடிடிக்க வந்தவர் என்பதே அவரைப்பற்றி நிலவிய எண்ணம். அச்சம் நீங்கினாலன்றித் திட்டம் நிறைவேறாது எனத் தெளிந்த கெடிஸ், ஒருநாளைக்குத் தம்மை அரசராக்குமாறு வேண்டி இசைவு பெற்றார்.

தீபாவளியன்று பெரும் ஊர்வலம் நடைபெறும் எனவும், அது வழமையான வழியே செல்லாது, மிகுதியான வீடுகள் துப்புரவு செய்யப்பட்ட தெருக்கள் வழியே செல்லும் எனவும் அறிவிக்கப்பட்டது. குப்பைகள் கட்டணமின்றி அகற்றப்பட்டன. தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. ஊர்வலத்தில் யானையும் குதிரையும் சென்றதன்பின் அழுக்கு அரக்கனின் பேருருவமும், கொள்ளைநோயைப் பரப்பும் மாபெரும் எலியின் உருவமும் வந்தன. அவற்றின் பின்னே துப்புரவுத் தொழிலாளர் வெள்ளாடை உடுத்து, மாலை சூடி, புதிய துடைப்பங்களை ஏந்திப் பெருமிதத்துடன் நடந்தனர். பிற நாட்களில் தெருவோரம் ஒதுங்கி நின்றோர் அன்று ஊரின் நடுவே போற்றப்பெற்றனர். எதிர்கால நகரத்தின் மாதிரி வடிவங்கள் தொடர்ந்தன. மக்களுக்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன. இறுதியில் அரக்கனும் எலியும் தீக்கிரையாயின. நோய் தணிந்தமைக்குப் பருவ மாற்றமும் ஒரு காரணம் என்பதைக் கெடிஸ் மறைத்தாரல்லர். ஆனால் அவர் பெற்ற பெரும்பேறு வேறு: தெருவில் அவரைக் கண்டு ஒதுங்கியோர் முகமலர்ந்து வரவேற்றனர்.

இந்நிகழ்ச்சியின் சிறப்பை ஏற்குமிடத்து அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஊர்கூடித் தேரிழுத்தது உண்மையே. தேர் செல்லவேண்டிய வழியை ஊர் வகுக்கவில்லை. ஊர்வலம் அரசரின் இசைவால் நடந்தது. 1918 இல் வெளிவந்த இந்தூர் அறிக்கையும் அரசவைக்கே சமர்ப்பிக்கப்பட்டது. கேட்டறியும் பண்பு கெடிஸிடம் இருந்தது. கேட்கப்படும் உரிமை மக்களிடம் இருக்கவில்லை. பண்பு ஒருவரோடு வந்து அவரோடு போய்விடும். உரிமையோ சட்டத்தில் நிற்பது.

இலங்கையும் இவ்வரலாற்றிற் பங்குகொண்டது. 1921 இற் கொழும்பு நகருக்குக் கெடிஸ் ஒரு முதனிலை அறிக்கை எழுதினார். கீழைத்தேயத்தின் பூங்கா நகராக அது திகழவேண்டுமென்பது அவர் விருப்பு. அதன்பின் 1946 இல் நகர நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச்சட்டம் இங்கே இயற்றப்பட்டது.

மக்களின் பங்கைச் சட்டத்திற் பொறிக்கும் முயற்சி பிற நாடுகளிலும் படிப்படியாகவே வளர்ந்தது. பிரித்தானியாவின் 1947 ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளூராட்சி மன்றங்கள் அபிவிருத்தித் திட்டம் வகுத்து ஐந்தாண்டுக்கொருமுறை மீளாய்வு செய்யவேண்டுமென விதித்தது. மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் திட்டம் உருவானபின்னரே. 1968 ஆம் ஆண்டுச் சட்டமும், ஆதர் ஸ்கெவிங்ரன் தலைமையிலான குழு 1969 இல் வெளியிட்ட அறிக்கையும் திட்டம் உருவாகும்போதே மக்கள் கருத்தை நாடவேண்டும் என வற்புறுத்தின. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 1973 இல் இயற்றிய சட்டத்தால், அங்குள்ள சிறு நகரங்களும் முழுத்திட்டம் வகுத்தல் கடமையாயிற்று. அதன் வழிவந்த மாநிலக் குறிக்கோள்களில் முதலாவதாக நிறுத்தப்பட்டது குடிமக்கள் பங்குபற்றலே.

சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே வருவோர் யாவர் என்பது வேறு வினா. சிறு நகரொன்றிற் கூட்டம் கூட்டினால் வருவோர் பெரும்பாலும் நிலமும் ஓய்வும் உடையோர். கூலிக்குச் சென்றவரும், வாடகைக்கிருப்பவரும், அடுப்படியை விட்டு அகலமுடியாத தாய்மாரும் வருவதில்லை. வெள்ளம் எந்த ஒழுங்கையிற் புகும், எந்தக் கிணறு முதலில் வற்றும், பிள்ளைகள் எவ்வழியே பாடசாலைக்கு நடப்பர் என்பவற்றை நன்கு அறிந்தோரும் அவர்களே. அவர்களை நாடித் தெருவில் இறங்குதற்குக் கெடிஸ் காட்டிய வழி இன்றும் பழையதாகவில்லை. உரிமையைச் சட்டம் தருக. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் அறிவைக் கல்வி தருக. தம் ஊரின் கிணற்றையும் வாய்க்காலையும் ஒழுங்கையையும் மாணவர் தாமே அளந்து வரைந்து பழகுவாராயின், நாளை அவ்வூரின் திட்டம் திருத்தப்படும் நாளில் தலையசைத்தலோடு அமையார்; பேச வேண்டியதை அறிந்து பேசுவர்.